இரண்டு மைஎஸ்க்யூஎல் சர்வர்களுக்கு நடுவே இருவழி ரெப்ளிகேஷன்: முதன்முறை அமைப்பவர்களுக்கு

இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள் இருக்கின்றன. ஒன்றில் நடக்கும் மாற்றத்தை மற்றது இழுத்துத் தன்னிடமும் பதிந்துகொள்கிறது, அது இரண்டு திசையிலும் நடக்கிறது என்றால் அதுதான் இருவழி ரெப்ளிகேஷன். மைஎஸ்க்யூஎல்லில் இதை அமைக்க ஒரு மாலைப் பொழுது போதும். அமைத்த பிறகு எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "இரண்டு சர்வரிலும் எழுதினால் சுமை பாதியாகும்" என்று நினைத்துத்தான் நிறையப் பேர் இதில் இறங்குகிறார்கள். அப்படி ஆகாது. முதல் சர்வரில் எழுதிய ஒவ்வொன்றையும் இரண்டாவது சர்வரும் எழுதியாக வேண்டும், இரண்டாவதில் எழுதியதை முதலாவதும் எழுதியாக வேண்டும், ஆக மொத்த எழுத்து வேலை இரண்டிலும் அப்படியேதான் இருக்கும். படிக்கும் வேலையைத்தான் பகிர முடியும். அதற்கு ஒருவழி ரெப்ளிகேஷனே போதும்.

பின்னே எதற்கு இருவழி? ஒரு சர்வர் விழுந்தால், அல்லது அதை அப்டேட் செய்ய நிறுத்த வேண்டியிருந்தால், உடனே மற்றதற்கு மாறி, அப்புறம் எந்த இணைப்பையும் புதிதாகக் கட்டாமல் திரும்பி வர முடியும் என்பதற்காக. அதனால் என் பரிந்துரை இதுதான், கட்டுரை முழுவதும் இதையொட்டியே போகும்: இணைப்பு இரண்டு திசையிலும் இருக்கட்டும், ஒரு நேரத்தில் எழுதுவது ஒரே சர்வரில் மட்டும்.

இன்னொன்று, இது பேக்கப் இல்லை. ஒரு சர்வரில் யாராவது டேபிளைத் தவறி டிராப் செய்தால் அடுத்த நொடியே மற்றதிலும் அது போய்விடும். தினசரி பேக்கப் தனியாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கமாண்ட் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அண்டர்ஸ்கோர் போட்ட இடத்தில் அண்டர்ஸ்கோரே வரும்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

இரண்டு உபுண்டு சர்வர்கள், இரண்டிலும் ஒரே பதிப்பு மைஎஸ்க்யூஎல். 2024 ஏப்ரலில் வெளியான 8.4 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுக்கலாம். உபுண்டு 24.04-இன் சொந்தக் களஞ்சியத்தில் 8.0 தான் வரும், 8.4 வேண்டுமென்றால் மைஎஸ்க்யூஎல்லின் ஏபிடி களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். பதிப்பு ஏன் முக்கியம் என்றால், பழைய வழிகாட்டிகளில் வரும் "சேஞ்ச் மாஸ்டர் டு", "ஸ்டார்ட் ஸ்லேவ்", "ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்" எல்லாம் 8.4-இல் எடுக்கப்பட்டுவிட்டன. பழைய வழிகாட்டியைப் பார்த்து அப்படியே அடித்தால் சின்டாக்ஸ் எரர் வரும், நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக் குழம்ப வேண்டாம். நான் கீழே கொடுக்கும் கமாண்டுகள் 8.4-இலும் 8.0-இன் பிந்தைய பதிப்புகளிலும் வேலை செய்யும்.

எல்லா டேபிளும் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான டேபிள் சேமிப்பு முறை) வகையாக இருக்க வேண்டும், எல்லா டேபிளுக்கும் ப்ரைமரி கீ இருக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. மைஎஸ்க்யூஎல் இப்போது மாற்றங்களைப் பதிவு பதிவாகத்தான் அனுப்புகிறது. ப்ரைமரி கீயோ வேறு பொருத்தமான இன்டெக்ஸோ இல்லாத பெரிய டேபிளில் ஒரே கமாண்டில் லட்சம் பதிவுகளை மாற்றினால், மறுபக்கச் சர்வர் எந்தப் பதிவு என்று தேட டேபிள் முழுவதையும் திரும்பத் திரும்ப அலச வேண்டியிருக்கும், மணிக்கணக்கில் பின்தங்கிவிடும்.

இரண்டு சர்வரின் கடிகாரமும் க்ரோனி போன்ற ஒன்றால் ஒத்துப் போகட்டும். டைம்ஸோனும் ஒன்றாக இருக்கட்டும்.

நெட்வொர்க்

இரண்டுக்கும் நடுவே தனிப்பட்ட நெட்வொர்க் இருப்பது நல்லது. இங்கே சர்வர் 1-இன் முகவரி 10.0.0.11, சர்வர் 2-இன் முகவரி 10.0.0.12 என்று வைத்துக்கொள்கிறேன். கான்ஃபிக் ஃபைலில் பைண்ட்_அட்ரஸ் 127.0.0.1 என்று இருந்தால் வெளியிலிருந்து யாரும் இணைய முடியாது, அதை அந்தந்த சர்வரின் தனிப்பட்ட முகவரிக்கு மாற்றுங்கள். 0.0.0.0 என்று போடச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள், பொது முகவரியிலும் திறந்துவிடும். ஃபயர்வாலில் 3306 போர்ட்டை மறு சர்வரின் முகவரிக்கும் உங்கள் ஆப் சர்வருக்கும் மட்டும் திறந்தால் போதும். திறந்த பிறகு ஒரு சர்வரிலிருந்து மற்றதன் 3306-க்கு இணைய முடிகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், பின்னால் வரும் குழப்பத்தில் பாதி இதனால் குறையும்.

கான்ஃபிக் ஃபைல்

உபுண்டுவில் இடிசி அடைவுக்குள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் அடைவில் கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும். மைஎஸ்க்யூஎல்டி என்ற பகுதியின் கீழ் சர்வர் 1-இல் இவற்றைச் சேருங்கள்:

சர்வர்_ஐடி = 1
ஜிடிஐடி_மோட் = ஆன்
என்ஃபோர்ஸ்_ஜிடிஐடி_கன்சிஸ்டன்சி = ஆன்
ஆட்டோ_இன்க்ரிமென்ட்_இன்க்ரிமென்ட் = 2
ஆட்டோ_இன்க்ரிமென்ட்_ஆஃப்செட் = 1

சர்வர் 2-இல் அதே ஐந்து வரிகள்தான், சர்வர்_ஐடி 2 என்றும் ஆஃப்செட் 2 என்றும் மாற்ற வேண்டும். பின்லாக் (மாற்றங்களை எழுதி வைக்கும் லாக்) 8.0-இலிருந்தே தானாக இயங்கும் நிலையில் வருகிறது, அதனால் அதற்குத் தனி வரி தேவையில்லை. இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே ஒருவழி ரெப்ளிகேஷன் பழைய முறையில் ஓடிக்கொண்டிருக்கிற சர்வர்கள் என்றால் ஜிடிஐடியை (அது என்ன என்று கீழே வருகிறது) ஒரேயடியாக ஆன் செய்யாதீர்கள், ஆஃப்_பெர்மிஸிவ், ஆன்_பெர்மிஸிவ் என்று படிப்படியாக இரண்டு சர்வரிலும் சேர்த்து நகர்த்த வேண்டும்.

இந்த வரிகள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் பின்லாகில் எழுதப்படுகிறது. மறு சர்வரில் இரண்டு வகை த்ரெட் வேலை செய்கின்றன: ஒன்று அந்தப் பின்லாகை இழுத்துத் தன்னிடம் ரிலே லாகாகச் சேர்த்து வைக்கும், மற்றது அதைப் படித்து டேபிள்களில் மாற்றத்தைச் செய்யும். இருவழியில் ஒரு கேள்வி எழும். சர்வர் 1-இன் மாற்றம் 2-க்குப் போய், அங்கே பின்லாகில் ஏறி, மறுபடி 1-க்கே திரும்பி வந்து முடிவில்லாமல் சுற்றாதா? சுற்றாது. ஒவ்வொரு நிகழ்வோடும் அது பிறந்த சர்வரின் ஐடி போகிறது, தன் ஐடியோடு திரும்பி வருவதைச் சர்வர் ஒதுக்கிவிடும். அதனால்தான் சர்வர்_ஐடி இரண்டிலும் வேறுபட்டே ஆக வேண்டும்.

ஜிடிஐடி அதற்கும் மேலே ஒரு படி. ஒவ்வொரு டிரான்ஸாக்‌ஷனுக்கும் அது பிறந்த சர்வரின் யுயுஐடியும் (அந்தச் சர்வருக்கே உரிய தனி அடையாளம்) ஒரு வரிசை எண்ணும் சேர்ந்த பெயர் கிடைக்கிறது. இந்தப் பெயரை வைத்து "இது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, இது இல்லை" என்று சர்வர்களே பேசி முடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் பின்லாக் ஃபைல் பெயரையும் அதில் எந்த இடம் என்பதையும் கையால் குறித்து வைத்து உள்ளிட வேண்டும், ஒரு இலக்கம் தவறினாலும் டேட்டா சிதறும். இப்போது அந்த வேலையே இல்லை. அந்தப் பழைய முறையைச் சொல்லித்தரும் வழிகாட்டியைப் பின்பற்ற எந்தக் காரணமும் இல்லை.

ஆட்டோ இன்க்ரிமென்ட் வரிகளால் சர்வர் 1 புதிய பதிவுகளுக்கு 1, 3, 5, 7 என்றும் சர்வர் 2 அதே போல 2, 4, 6, 8 என்றும் எண் கொடுக்கும். ஒரே சர்வரில் எழுதினாலும் இதை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், சர்வர் மாறும் சமயத்தில் ஒரு சில நொடி இரண்டிலும் எழுதிவிட்டால் ஐடி மோதாமல் காப்பாற்றும். எண்கள் இரண்டிரண்டாகத் தாவுவதைப் பார்த்துப் பதிவுகள் காணாமல் போய்விட்டதாக யாராவது பதறுவார்கள், குழுவில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இன்ட் வகை ஐடி 2147483647-இல் முடிந்துவிடும், இப்போது அந்த எல்லைக்கு இரட்டிப்பு வேகத்தில் போவீர்கள். வேகமாக வளரும் டேபிளுக்குப் பிக்இன்ட் வையுங்கள்.

ரெப்ளிகேஷன் யூசரும் முதல் நகலும்

இங்கேதான் ஒரு வழக்கமான பொறி இருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் இரண்டு சர்வரிலும் தனித்தனியாக ஒரே பெயரில் யூசரை உருவாக்கிவிட்டுப் பிறகு இணைப்பார்கள். அந்த "கிரியேட் யூசர்" கமாண்டும் பின்லாகில் ஏறியிருக்கும் அல்லவா, அது மறுபக்கம் போய் "இந்த யூசர் ஏற்கெனவே இருக்கிறார்" என்று 1396 எரரோடு நிற்கும், முதல் நொடியிலேயே ரெப்ளிகேஷன் உடையும். அதனால் எல்லாவற்றையும் சர்வர் 1-இல் மட்டும் உருவாக்கி, அதன் முழு நகலைச் சர்வர் 2-க்குக் கொண்டு போவோம்.

சர்வர் 1-இல்:

கிரியேட் யூசர் 'ரெப்ல்'@'10.0.0.%' ஐடென்டிஃபைட் பை 'நீளமான பாஸ்வேர்ட்' ரிக்வயர் எஸ்எஸ்எல்;
கிராண்ட் ரெப்ளிகேஷன் ஸ்லேவ், பேக்கப்_அட்மின் ஆன் *.* டு 'ரெப்ல்'@'10.0.0.%';

ஸ்லேவ் என்ற பழைய சொல் அந்த உரிமையின் பெயரில் இன்னும் அப்படியே இருக்கிறது, அதை மாற்றி அடிக்காதீர்கள்.

நகல் எடுக்க மைஎஸ்க்யூஎல்டம்ப் பயன்படுத்தலாம், ஆனால் 8.0.17-இலிருந்து வந்திருக்கும் கிளோன் ப்ளகின் இதற்கு இன்னும் பொருத்தம். டேட்டா, யூசர்கள், ஜிடிஐடி கணக்கு எல்லாம் ஒரே கமாண்டில் போய்ச் சேரும். இரண்டு சர்வரிலும் "இன்ஸ்டால் ப்ளகின் கிளோன் சோநேம் 'மைஎஸ்க்யூஎல்_கிளோன்.எஸ்ஓ'" என்று கொடுத்துப் ப்ளகினை ஏற்றுங்கள். பிறகு சர்வர் 2-இல்:

செட் குளோபல் கிளோன்_வேலிட்_டோனர்_லிஸ்ட் = '10.0.0.11:3306';
கிளோன் இன்ஸ்டன்ஸ் ஃப்ரம் 'ரெப்ல்'@'10.0.0.11':3306 ஐடென்டிஃபைட் பை 'அதே பாஸ்வேர்ட்';

எந்த சர்வரின் ப்ராம்ப்ட்டில் இருக்கிறீர்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இந்தக் கமாண்ட் ஓடும் சர்வரில் இருக்கும் டேட்டாவும் பின்லாகும் முழுவதும் அழிந்து, மறு சர்வரின் டேட்டா அங்கே வந்து உட்காரும். திசை மாறினால் உள்ளதெல்லாம் போய்விடும், ஆகவே சர்வர் 1-க்கு ஒரு பேக்கப் எடுத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். முடிந்ததும் சர்வர் தானே ரீஸ்டார்ட் ஆகும். ஆக முடியவில்லை என்று 3707 எரர் வந்தால் பயப்பட வேண்டாம், சிஸ்டம்டி வழியாக நீங்களே மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்குங்கள். பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவில் உள்ள கிளோன்_ஸ்டேட்டஸ் டேபிளில் நிலை "கம்ப்ளீட்டட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இதன் பிறகு சர்வர் 2-இன் ரூட் பாஸ்வேர்டும் சர்வர் 1-இல் இருந்ததுதான்.

இரண்டு இணைப்புகள்

முதலில் சர்வர் 2, சர்வர் 1-ஐப் பின்தொடரட்டும். சர்வர் 2-இல்:

சேஞ்ச் ரெப்ளிகேஷன் சோர்ஸ் டு
சோர்ஸ்_ஹோஸ்ட் = '10.0.0.11',
சோர்ஸ்_யூசர் = 'ரெப்ல்',
சோர்ஸ்_பாஸ்வேர்ட் = '...',
சோர்ஸ்_ஆட்டோ_பொசிஷன் = 1,
சோர்ஸ்_எஸ்எஸ்எல் = 1;
ஸ்டார்ட் ரெப்ளிகா;

பிறகு "ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்" கொடுங்கள். கடைசியில் அரைப்புள்ளிக்குப் பதில் பின்சாய்கோடும் பெரிய ஜி எழுத்தும் போட்டால் வரிவரியாகப் படிக்க வசதியாக வரும். அதில் ரெப்ளிகா_ஐஓ_ரன்னிங், ரெப்ளிகா_எஸ்க்யூஎல்_ரன்னிங் இரண்டும் "யெஸ்" என்று இருக்க வேண்டும். முதலாவது "கனெக்டிங்" என்றே நின்றால் நெட்வொர்க், ஃபயர்வால், பாஸ்வேர்ட் இந்த மூன்றில் ஒன்று. லாஸ்ட்_ஐஓ_எரர் வரியே எது என்று சொல்லிவிடும்.

இந்தத் திசை சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் மறு திசைக்குப் போக வேண்டும். சர்வர் 1-இல் அதே கமாண்ட், சோர்ஸ்_ஹோஸ்ட் மட்டும் 10.0.0.12. ஸ்டார்ட் ரெப்ளிகா. மறுபடியும் இரண்டு யெஸ்.

சோதிக்க ஒரு தனி டேட்டாபேஸ் உருவாக்கி அதில் ஒரு சின்ன டேபிள் போடுங்கள். சர்வர் 1-இல் ஒரு பதிவு, சர்வர் 2-இல் ஒரு பதிவு. இரண்டிலும் இரண்டு பதிவும் தெரிந்தால் அமைப்பு முடிந்தது.

ஏன் இரண்டிலும் எழுதக்கூடாது

இரண்டு யெஸ் வந்துவிட்டது, சோதனையும் நன்றாக ஓடுகிறது, ஆப்பை இரண்டு சர்வருக்கும் பிரித்து விடலாமே என்று கை துறுதுறுக்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கடையின் டேட்டாபேஸில் ஒரு பொருளின் இருப்பு 10. ஒரே நொடியில் சர்வர் 1-இல் ஒருவர் 1 வாங்குகிறார், அங்கே இருப்பு 9 ஆகிறது. சர்வர் 2-இல் இன்னொருவர் 3 வாங்குகிறார், அங்கே 7. உண்மையில் மிச்சம் 6. இப்போது ரெப்ளிகேஷன் நடக்கிறது. "ஒன்றைக் கழி" என்ற கணக்கு போவதில்லை, "இந்தப் பதிவு இப்போது 9" என்ற முடிவுதான் போகிறது. சர்வர் 2 அதை வாங்கி 9 என்று எழுதுகிறது, சர்வர் 1 மறுபக்கத்திலிருந்து வந்த 7-ஐ எழுதுகிறது. கடைசியில் ஒன்றில் 7, மற்றதில் 9, இரண்டும் தவறு, இரண்டும் வேறு வேறு. எந்த எரரும் வராது. ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸில் எல்லாம் யெஸ், பின்தங்கல் பூஜ்யம்.

ஆட்டோ இன்க்ரிமென்ட் ஏற்பாடு இதற்கு ஒன்றும் செய்யாது, அது புதிய பதிவுகளின் ஐடி மோதலை மட்டும்தான் தடுக்கிறது. இமெயிலுக்கு யூனிக் கீ வைத்திருந்து ஒரே இமெயிலில் இரண்டு பக்கமும் பதிவு நடந்தால் 1062 எரர் வந்து இரண்டு திசையும் நின்றுவிடும். ஒரு பக்கம் அழித்த பதிவை மறுபக்கம் மாற்றினால் 1032. நிற்கும் தவறு பரவாயில்லை என்பேன், அதுவாவது கண்ணில் படும். மேலே சொன்ன இருப்புக் கணக்கு மாதிரி சத்தமில்லாமல் விலகிப் போவதுதான் ஆபத்து, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

டேபிள் அமைப்பை மாற்றும் ஆல்டர் கமாண்டும் அப்படித்தான், ஒரு சர்வரில் மட்டும் கொடுங்கள், மற்றதற்குத் தானே போகும். இரண்டிலும் கொடுத்தால் இரண்டாவது முறை "அந்த நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது" என்று உடையும்.

பூட்டுவது

சொல்லி வைத்தால் மட்டும் போதாது, யாராவது மறந்து சர்வர் 2-இல் எழுதிவிடுவார்கள். சர்வரே மறுக்கும்படி செய்யுங்கள். சூப்பர்_ரீட்_ஒன்லி என்ற வசதி ரூட் யூசரைக்கூட எழுத விடாது, ஆனால் ரெப்ளிகேஷன் த்ரெட்களுக்குத் தடை இல்லை. நமக்கு வேண்டியது சரியாக அதுதான்.

இரண்டு சர்வரின் கான்ஃபிக் ஃபைலிலும் "சூப்பர்_ரீட்_ஒன்லி = ஆன்" என்று சேருங்கள். ஆம், இரண்டிலும். சர்வர் எப்போது ரீஸ்டார்ட் ஆனாலும் பூட்டிய நிலையில்தான் எழும், இப்போது எது எழுதும் சர்வர் என்று ஒரு ஆள் பார்த்து முடிவு செய்து அதில் மட்டும் "செட் குளோபல் ரீட்_ஒன்லி = ஆஃப்" கொடுத்துத் திறப்பார். ரீட்_ஒன்லியை ஆஃப் செய்தால் சூப்பர்_ரீட்_ஒன்லியும் சேர்ந்தே விலகும். நள்ளிரவில் மின்சாரம் போய் வந்த பிறகு இரண்டு சர்வரும் தாமாகத் திறந்துகொண்டு எழுதத் தொடங்குவதைவிட, காலையில் ஒருவர் வந்து திறக்கும்வரை எழுத முடியாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

திட்டமிட்டு மாறும்போது

சர்வர் 1-ஐ அப்டேட் செய்ய நிறுத்த வேண்டும் என்று வையுங்கள். முதலில் சர்வர் 1-இல் சூப்பர்_ரீட்_ஒன்லியை ஆன் செய்யுங்கள், எழுத்து நிற்கும். அங்கே ஜிடிஐடி_எக்ஸிக்யூட்டட் மதிப்பை எடுங்கள். சர்வர் 2-இல் "செலக்ட் வெயிட்_ஃபார்_எக்ஸிக்யூட்டட்_ஜிடிஐடி_செட்" என்ற ஃபங்ஷனுக்கு அந்த மதிப்பையும் 60 என்ற விநாடி எல்லையையும் கொடுங்கள். 0 வந்தால் சர்வர் 1-இல் இருந்த எல்லாம் இங்கே வந்துவிட்டது, 1 வந்தால் நேரம் முடிந்துவிட்டது, இன்னும் வரவில்லை, காத்திருங்கள். 0 வந்த பிறகு சர்வர் 2-ஐத் திறந்து, ஆப்பை அதற்குத் திருப்புங்கள். ப்ராக்ஸிஎஸ்க்யூஎல், ஹெச்ஏப்ராக்ஸி, கீப்அலைவ்டி என்று திருப்புவதற்கான கருவிகள் உண்டு, தொடக்கத்தில் ஆப்பின் கான்ஃபிக்கில் முகவரியை மாற்றினாலும் போதும்.

மறு திசை இணைப்பு ஏற்கெனவே ஓடுகிறது. சர்வர் 1 அப்டேட் முடிந்து எழுந்ததும் இடையில் நடந்ததையெல்லாம் தானே இழுத்துக்கொள்ளும். திரும்பி வருவதும் இதே படிகள்தான், எண்கள் மட்டும் மாறும். இருவழியின் முழுப் பலனும் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது.

திடீரென்று விழும்போது

இது வேறு கதை, நிதானமாகப் படியுங்கள். ரெப்ளிகேஷன் இயல்பாக ஒத்திசைவு இல்லாதது. சர்வர் 1 ஒரு டிரான்ஸாக்‌ஷனை முடித்து ஆப்பிடம் "சரி" என்று சொல்லும்போது அது சர்வர் 2-க்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் சர்வர் 1 சட்டென்று விழுந்தால் கடைசிச் சில டிரான்ஸாக்‌ஷன்கள் அதன் டிஸ்க்கிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். மறு சர்வர் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும்வரை காத்திருக்கும் செமிசிங்க் ப்ளகின் போட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும், எழுத்து சற்று மெதுவாகும்.

இப்போது நீங்கள் சர்வர் 2-ஐத் திறந்து வேலையைத் தொடர்கிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்து சர்வர் 1 எழுகிறது. இணைப்பு இருவழி அல்லவா, சர்வர் 2 உடனே அதனுடன் இணைந்து மாட்டியிருந்த அந்தப் பழைய டிரான்ஸாக்‌ஷன்களை இழுத்து இன்றைய டேட்டாவின் மேல் எழுதிவிடும். ஒருவர் இந்த ஒரு மணி நேரத்தில் மாற்றிய முகவரி பழையபடி ஆகலாம். ஆகவே வரிசை இது: சர்வர் 2-ஐத் திறக்கும் முன் அதில் "ஸ்டாப் ரெப்ளிகா" கொடுங்கள். சர்வர் 1 எழுந்ததும் இரண்டின் ஜிடிஐடி_எக்ஸிக்யூட்டட் மதிப்புகளையும் எடுத்து "ஜிடிஐடி_சப்ட்ராக்ட்" ஃபங்ஷனால் சர்வர் 1-இல் மட்டும் இருப்பது எது என்று பாருங்கள். வெற்றாக வந்தால் கவலையே இல்லை, ஸ்டார்ட் ரெப்ளிகா கொடுத்துவிடலாம். ஏதாவது இருந்தால் மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியால் அந்த டிரான்ஸாக்‌ஷன்களைத் திறந்து படித்து, வேண்டியதைக் கையால் சேர்த்துவிட்டு, சர்வர் 1-ஐச் சர்வர் 2-இலிருந்து புதிதாகக் கிளோன் செய்துவிடுங்கள். கிளோன் செய்தால் ரெப்ளிகேஷன் இணைப்பை மறுபடி கொடுக்க வேண்டும், அதுதான் அங்கே செலவு.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டருக்கான நெட்வொர்க் 43 விநாடி துண்டானது. அந்த இடைவெளியில் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரைச் சர்வர்களை எழுதும் சர்வர்களாக உயர்த்திவிட்டது. கிழக்கில் அதற்கு முன் நடந்த சில எழுத்துகள் மேற்குக்கு வந்து சேரவில்லை, மேற்கில் புதியவை சேர்ந்துகொண்டே போயின, இரண்டு பக்கமும் மற்றதிடம் இல்லாத டேட்டா. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. இரண்டு சர்வர் மட்டும் வைத்திருக்கும் நமக்கு இதில் பாடம் நேரடியானது: மறு சர்வர் செத்துவிட்டதா, நடுவில் இருக்கும் வயர்தான் அறுந்ததா என்று இரண்டில் ஒன்றால் தீர்மானிக்க முடியாது. மூன்றாவது இடத்திலிருந்து பார்க்கும் ஒன்று வேண்டும், இல்லையென்றால் மாற்றும் முடிவை மனிதரிடமே விடுங்கள்.

வழக்கமாக வரும் எரர்கள்

13117 வந்து, இரண்டு சர்வருக்கும் ஒரே யுயுஐடி என்று சொன்னால், நீங்கள் விர்ச்சுவல் மெஷினை அப்படியே நகல் எடுத்திருப்பீர்கள். மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி, நகலில் டேட்டா அடைவில் இருக்கும் ஆட்டோ.சிஎன்எஃப் ஃபைலை அழித்துவிட்டுத் தொடங்குங்கள், புதிய யுயுஐடி உருவாகும். 2061 என்றால் பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் பாஸ்வேர்ட் அனுப்பப் பார்க்கிறது, சோர்ஸ்_எஸ்எஸ்எல் = 1 விட்டுப்போயிருக்கும்.

1236 என்றால், பெரும்பாலும், ஒரு சர்வர் அதிக நாள் நின்றுபோயிருந்து, அதற்குத் தேவையான பின்லாக் மறுபக்கத்தில் அழிக்கப்பட்டுவிட்டது. பின்லாக் இயல்பாக 2592000 விநாடி, அதாவது 30 நாள் வைத்திருக்கப்படும். டிஸ்க் நிறைகிறது என்று இதை ஒரு நாளாகக் குறைப்பவர்கள் வார இறுதியில் சர்வர் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுக் குறைக்க வேண்டும்.

1062, 1032 வந்தால் "அந்த டிரான்ஸாக்‌ஷனைத் தாண்டிவிடு" என்று நிறைய ஆலோசனை கிடைக்கும். ஜிடிஐடி முறையில் தாண்டுவது என்றால் அந்த ஜிடிஐடியின் பெயரில் ஒரு வெற்று டிரான்ஸாக்‌ஷனைப் போடுவது. செய்யலாம், ஆனால் அந்தப் பதிவு இரண்டு பக்கமும் எப்படி இருக்கிறது என்று பார்த்து, எது சரி என்று முடிவு செய்து, சரிப்படுத்திய பிறகு. ரெப்ளிகா_ஸ்கிப்_எரர்ஸ் என்ற அமைப்பைப் போட்டு எல்லா எரரையும் நிரந்தரமாக விழுங்க வைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். இரண்டு சர்வரும் விலகுகின்றன என்று சொல்லும் ஒரே குரலை அடைப்பது அது.

தொடர்ந்து பார்க்க வேண்டியவை

இரண்டு சர்வரிலும் இரண்டு யெஸ், நிமிடத்துக்கு ஒருமுறை, மாறினால் உங்கள் போனுக்குச் செய்தி. இருவழி என்பதால் நான்கு யெஸ். செகண்ட்ஸ்_பிஹைண்ட்_சோர்ஸ் எண்ணையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், நெட்வொர்க் மெதுவாக இருந்து பின்லாகே வந்து சேராதபோதும் அது பூஜ்யம் காட்டக்கூடும். பெர்கோனா டூல்கிட்டில் உள்ள பிடி-ஹார்ட்பீட் ஒரு டேபிளில் நேரத்தை எழுதி மறுபக்கம் எப்போது வந்தது என்று அளக்கும், அது நம்பகமானது. அதே தொகுப்பின் பிடி-டேபிள்-செக்சம் இரண்டு பக்க டேட்டாவும் உண்மையில் ஒன்றுதானா என்று சொல்லும். வாரம் ஒருமுறை கூட்டம் குறைந்த நேரத்தில், எழுதும் சர்வரிலிருந்து ஓட்டுங்கள்.

ஈவென்ட் ஷெட்யூலர் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: சர்வர் 1-இல் உருவாக்கிய ஈவென்ட் சர்வர் 2-க்கு முடக்கிய நிலையில்தான் போகும். சர்வர் 2-க்கு மாறும்போது அதைக் கையால் இயக்க வேண்டும், மறந்தால் இரவு நேர வேலைகள் ஓடாது.

உண்மையிலேயே இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் எழுதியே ஆக வேண்டும் என்றால், மோதலைக் கண்டுபிடித்து ஒன்றை நிராகரிக்கும் அமைப்பு வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் க்ரூப் ரெப்ளிகேஷன், மரியாடிபியில் கலேரா. இரண்டுக்கும் குறைந்தது மூன்று சர்வர் வையுங்கள், பெரும்பான்மை வாக்கில்தான் அவை முடிவெடுக்கின்றன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 16-ஆம் பதிப்பிலிருந்து லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் "ஆரிஜின் = நன்" என்று கொடுத்து இருவழி அமைக்கலாம், சுழற்சி வராது. ஆனால் டேபிள் அமைப்பு மாற்றங்களை அது கொண்டு போகாது, இரண்டு பக்கமும் நீங்களே செய்ய வேண்டும், மோதல் விஷயத்தில் மேலே சொன்ன இருப்புக் கணக்கு அங்கேயும் அப்படியே பொருந்தும்.